உம் மாஹிர் பெயரில் போன செய்திகள்

கித்தாம் என்றால் முடிவு என்று அர்த்தம். ஐந்து பெண்களுக்குப் பிறகு ஆறாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர் அது. நம் பக்கம் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே கதைதான். அடுத்த வருஷமே ஏழாவதும் பெண்ணாக வந்து சேர்ந்தது. தன் பெயரைத் தன் வீடே காப்பாற்றவில்லை என்று கித்தாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளுக்கு இருந்த பிடிவாதம் அங்கிருந்துதான் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

இர்பித்தில் தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு மருந்துக் கிடங்கு இருக்கிறது. வடக்கு ஜோர்டான் முழுக்க முந்நூறு மருந்துக்கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது. கடைகளிடம் ஆர்டர் வாங்கும் மேசையில் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருப்பவள் கித்தாம். கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவள் சொந்தப் பெயர் தெரியாது. மகன் மாஹிரை வைத்து உம் மாஹிர், அதாவது மாஹிரின் அம்மா. உம் மாஹிர் நாளைக்கு வரும் என்றால் நாளைக்கு வரும், வராது என்றால் தலைநகர் அம்மான் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடமே சொல்வார்கள். அவள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அவள் கணவருக்கு இந்தச் சொத்தில் பங்கில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மொட்டை மாடியில் புறா வளர்க்க ஆரம்பித்துவிட்டார். அடுத்தவர் புறாவை ஆசை காட்டித் தன் கூட்டுக்கு இழுத்துவிட்டு, நான் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் என்பதால், புறாக்காரன் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லி மனிதரை அக்கம்பக்கத்தில் சீண்டாதவர்கள் இல்லை. வீட்டில் ஒருத்தி சொல்லாவது ஊரில் செல்லுகிறதே என்று அவரும் மனைவியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மார்ச் மாதம் முதலாளி அபூ ஷாதி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மற்ற இரண்டு கிடங்குகளில் ஏஐ ஏஜெண்டுகள் வந்துவிட்டன, ஆர்டர் வாங்குவது, இருப்புப் பார்ப்பது, வண்டி பிரிப்பது எல்லாம் அவையே முடிவெடுத்துச் செய்கின்றன, நாம் இப்படியே இருந்தால் ரெண்டு வருஷத்தில் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றார். யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் அந்தப் பயமே வந்திருக்காது.

கிடங்கைத் தயார்செய்ய அம்மானிலிருந்து ஸிரீன் என்கிற எஞ்சினியர் வந்தாள். முப்பத்தெட்டு வயது, சிரிக்காமல் ஜோக் சொல்கிறவள். வந்த முதல் மாதம் ஏஜெண்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே கடை நாலு பெயரில் பட்டியலில் இருந்ததை ஒன்றாக்கினாள். இருப்புக் கணக்கில் இருந்து அலமாரியில் இல்லாத பெட்டிகளைத் தேடவைத்தாள். கிடங்கைக் கழுவி விட்டார்கள், கேபிள் மாற்றினார்கள், பழைய செய்திகளையெல்லாம் எடுத்து அடுக்கினார்கள். சரக்கு வண்டி ஓட்டும் நாயிஃப் இந்தத் தடபுடலைப் பார்த்துவிட்டு, வரப்போகிறவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து கிடங்கில் ஏஜெண்ட் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த ரெண்டு மாதம் ஸிரீன் கித்தாமின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். காலை எட்டரையிலிருந்து நாலு மணி வரை, கித்தாம் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்டாள். மஃப்ரக் கடைக்காரர் நூறு கேட்டால் ஏன் அறுபது அனுப்புகிறீர்கள்? அவர் எப்போதும் கூட்டித்தான் கேட்பார். வியாழன் மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இன்சுலின் ஏன் போவதில்லை? வெள்ளிக்கிழமை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்க ஆளிருக்காது. ரமலானில் வயிற்றெரிச்சல் மாத்திரை ஏன் மூன்று மடங்கு? இதற்குக் கித்தாம் ஸிரீனின் முகத்தைப் பார்த்தாள். நோன்பு திறக்கும் மேசையைப் பார்த்ததே இல்லையா என்று அந்தப் பார்வை கேட்டது. பதில் வராத கடையை ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. மொத்தம் இருநூற்றுப் பதினாலு விதிகள் தேறின, எல்லாவற்றையும் கித்தாமே கைப்பட எழுதினாள். இருபத்து மூன்று வருஷம் ஒரு நோட்டுக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, இனி தான் எதற்கு என்றும் தோன்றியது.

பிறகு ஸிரீன் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டாள். மாப்பிள்ளை தானே செய்யலாம், கேட்டுவிட்டுச் செய்யலாம், தொடவே கூடாது. தூக்க மாத்திரை, வலி ஊசி எல்லாம் மூன்றாவது கட்டத்துக்குப் போயின. கித்தாமின் போனில் சிவப்பாக ஒரு பொத்தானும் வைத்துக்கொடுத்தாள். அதை அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். எதற்கும் பொறுப்பாக ஒரு மனுஷர் பெயர் வேண்டும் என்று சொல்லி, கித்தாமின் பெயரையே எழுதினாள்.

சிக்கல் வேறொரு பெயரில் வந்தது. கடைக்காரர்கள் மெஷினோடு பேசமாட்டார்கள், அதனால் செய்திகள் உம் மாஹிரின் எண்ணிலிருந்து, உம் மாஹிர் என்ற பெயரிலேயே போகட்டும் என்றார் அபூ ஷாதி. பேசுவது ஏஜெண்ட் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஸிரீன் எழுத்திலேயே ஆட்சேபித்தாள். பழகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார் அவர். ரெண்டு பேரும் கித்தாமைப் பார்த்தார்கள். தன் பெயருக்கு இவ்வளவு மதிப்பா என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மாப்பிள்ளைக்கு மேற்பார்வையாளர் என்று அவளுக்குப் பதவியும், ஜன்னல் வைத்த அறையும் பேசியாகியிருந்தது. அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் எனக்கும் தலை ஆடித்தான் இருக்கும்.

ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சோதனை ஆரம்பித்தது. அஜ்லூன், ஜெரஷ் பக்கத்து அறுபது கடைகள் ஒரு வாரம் மாப்பிள்ளையின் கையில். அது சரியாக நடந்தால் அடுத்த திங்கள் பத்து மணிக்குக் கூட்டம், கித்தாம் கையெழுத்துப் போட்டதும் முந்நூறு கடையும் அதனிடம் போய்விடும்.

அந்த வாரம் கித்தாமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைக்கு வேலை இல்லை, மனசுக்கு ஓய்வில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், அலமாரிகளுக்கு நடுவே காரணமில்லாமல் நடந்தாள், ஏலக்காயை மென்று துப்பினாள். தன் பெயரில் என்ன போகிறது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் தாங்கவில்லை. மருந்துக்கடைக்காரர்களை அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெரஷ் டாக்டர் ஃபவாஸின் மகளுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை என்று அவர் எப்போதோ எழுதியதை நினைவு வைத்துக்கொண்டு, பொண்ணு தயாராகிவிட்டாளா என்று மாப்பிள்ளை விசாரித்திருந்தது. உங்களைப் போல யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் உருகியிருந்தார். கித்தாமுக்கு அந்தப் பரீட்சை நினைவே இல்லை. தன் வீட்டிலிருந்து திருடிய பண்டத்தைத் தன் பெயரிலேயே யாரோ தானம் செய்வது போல அவளுக்குக் கோபம் வந்தது.

முதல் நாள் நூற்று நாற்பது செய்திகள். எல்லாவற்றையும் படித்தாள். மூன்றாம் நாள் இருநூற்றைத் தாண்டியது. மேலோட்டமாகப் பார்த்தாள். காலை காபியோடு, சமையலறை மேசையில், கண்ணெரிய இதே வேலை. வியாழனுக்குள் பாதியைத் தள்ளிவிட்டுப் போக ஆரம்பித்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அந்தக் காலை காபியோடு அவள் பார்த்தது வேறு. இறப்புச் செய்திகள். முன்பு பேப்பரில், இப்போது ஊர்ப் பக்கங்களிலும் குடும்பக் குழுக்களிலும். எந்தக் கடைக்காரர் வீட்டில் சாவு என்று பார்த்து, மூன்று நாள் துக்கம் முடியும்வரை அந்தக் கடைக்கு ஆர்டர் பேச்சே எடுக்கமாட்டாள். சாயங்காலம் போய், துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கசப்புக் காபி ஒரு கோப்பை குடித்துவிட்டு வருவாள். ஸிரீன் எட்டரை மணிக்கு நாற்காலி போடுவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை இது. வேலை என்றே அவள் நினைத்ததில்லை, அதனால் அந்த வாரம் அது விட்டுப்போனதும் அவளுக்கு உறைக்கவில்லை. சாவு வீட்டில் வியாபாரம் பேசக் கூடாது என்பதை அந்த ஊரில் யார் யாருக்கு எழுதிக் கொடுப்பார்கள்? ஸிரீனும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். இருநூற்றுப் பதினாலு விதிகளைச் சரிபார்த்த ரெண்டு பேருக்கும் இது இல்லையே என்று தோன்றவில்லை.

மறு ஞாயிறு பதினொன்றரை மணிக்கு நாயிஃப் அஜ்லூன் பக்கத்துக் குஃப்ரன்ஜாவிலிருந்து கூப்பிட்டான். டாக்டர் ருவைதாவின் கடை பூட்டியிருக்கிறது, கதவில் தாள் ஒட்டியிருக்கிறது என்றான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"அக்கா, அவங்க அப்பா சனிக்கிழமை விடியக்காலம் போயிட்டாராம். இன்னிக்கு ரெண்டாம் நாள். உங்ககிட்டேந்து காலையில மூணு தடவை செய்தி வந்துச்சாமே. பக்கத்துக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாக்குறார்."

கித்தாம் போனைத் திறந்தாள். அவசரத்தில் ரெண்டு முறை வேறு கடையின் செய்திகள் திறந்தன. ஞாயிறு காலை ஏழு மணிக்கு உம் மாஹிர் எழுதியிருந்தாள்: காலை வணக்கம் டாக்டர், அப்பா இன்று எப்படி இருக்கிறார், நேற்றைவிடத் தெம்பாக இருப்பார் என்று நம்புகிறேன், இந்த வார ஆர்டர் இன்னும் வரவில்லையே. ஒன்பது மணிக்கு மறுபடி அதே கேள்வி. பதினோரு மணிக்கு மறுபடி. ஒன்பதாவது விதி, அவள் கைப்பட எழுதியது.

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அது உடனே நின்றது. அந்த அளவுக்கு ஸிரீன் சரியாகத்தான் செய்திருந்தாள்.

அபூ ஷாதி செய்தியைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. அவரே துக்கத்துக்குப் போகக் கிளம்பினார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க உம் மாஹிர். போய், மறந்துட்டேன்னு சொல்லுங்க. வயசாகுது, வேலை ஜாஸ்தின்னு சொல்லுங்க. மெஷின்னு மட்டும் வாயத் திறக்காதீங்க. ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள அறுபது கடையும் கேக்கும், இத்தனை நாளும் எங்ககிட்ட பேசினது யாருன்னு."

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அவள் பெயர் போகும். மெஷின் என்று சொன்னால் கிடங்கின் பெயரும் ஜன்னல் அறையும் சேர்ந்து போகும், அவள் பெயர் மட்டும் மிஞ்சும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அவளை ஏற்றிப்போகத் திரும்பி வந்த நாயிஃபின் வண்டியில் மலைப்பாதை ஏறும்போது தலைத்துணியின் ஊசியைக் கழற்றிக் குத்தி, கழற்றிக் குத்தி, விரலில் ரத்தம் வந்தது. நாயிஃப் கண்ணாடியில் பார்த்தான். வழியெல்லாம் அவள் அந்தக் கடையின் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டே போனாள். புதன்கிழமையிலிருந்து ருவைதா தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். கித்தாம் தள்ளிவிட்டுப் போன பக்கங்கள் அவை. படிக்கப் படிக்க அவளுக்கு வண்டியைத் திருப்பச் சொல்லலாம் போல இருந்தது.

பெண்கள் உள்கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். திட்டு விழும் என்று தயாராகப் போனவளை ருவைதா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். சுற்றியிருந்தவர்களிடம் திரும்பி, தினமும் காலையில் அப்பா எப்படி என்று கேட்டது இவர் ஒருவர்தான், கூடப்பிறந்த அண்ணன்கூடக் கேட்கவில்லை என்றாள். காலையில் வந்த செய்திகளைப் பற்றிக் கித்தாம் வாயெடுத்ததும், "உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான சொல்லாம விட்டேன்" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

முடிந்தது. மன்னிப்பு கேட்கும் முன்பே கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு கோப்பை காபி குடித்துவிட்டு எழுந்தால் போதும், பெயரும் பிழைத்தது, கிடங்கும் பிழைத்தது. காபி வந்தது. ருவைதாவின் அத்தை ஊற்றிக் கொடுத்தாள்.

கித்தாம் கோப்பையை வாங்கி, குடிக்காமல், எதிரே தரையில் வைத்தாள்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கும்வரை கோப்பையைத் தொடாமல் தரையில் வைப்பது ஆண்கள் செய்வது, பெண் கேட்டுப் போகிறவர்களும் கொலைக்குச் சமாதானம் பேசப் போகிறவர்களும் செய்வது. ஒரு பெண் செய்து யாரும் பார்த்ததில்லை. சாவு வீட்டில் செய்தும் பார்த்ததில்லை. அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"குடி மகளே. என்ன கேட்டு வந்தியோ அது ஆச்சுன்னு வச்சுக்க."

"கேட்டப்புறம் குடிக்கிறேன் அத்தை." கித்தாம் ருவைதாவைப் பார்த்தாள். "டாக்டர், காலையில வந்தது நான் எழுதினதில்ல. போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து உங்ககிட்ட என் பேர்ல பேசினது கம்ப்யூட்டர். கிடங்குல புதுசா வச்சிருக்கோம். அப்பா உடம்புக்கு முடியலன்னு நீங்க எழுதினத நான் படிக்கவே இல்ல. இப்ப வண்டியில வரும்போதுதான் படிச்சேன்."

ருவைதாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. போனை எடுத்தாள், தள்ளிக்கொண்டே போனாள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமை வந்தது. 'அவர் கண்ணு தொறக்கலன்னாலும் கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க டாக்டர், காதுல விழும்.' இதுவுமா?"

"இதுவும்தான்."

"நான் போய்ப் பிடிச்சேன். ராத்திரி முழுக்கப் பிடிச்சிட்டிருந்தேன்." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப எங்கப்பாவ விசாரிச்சது யாரு?"

இதற்கு அழகாக ஒரு பதிலை மாப்பிள்ளை எழுதியிருக்கும்.

"யாருமில்ல டாக்டர்."

யாரோ ஒரு பெண் நாக்கைச் சொடுக்கினாள். கித்தாம் தலை குனிந்தபடி மிச்சத்தையும் சொன்னாள். பதில் வரவில்லையென்றால் ரெண்டு மணிக்கொரு தரம் கேள் என்று எழுதிக் கொடுத்தது தான்தான் என்றாள். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யாதே என்று எழுதாமல் விட்டதும் தான்தான், தன் பெயரைக் கொடுத்ததும் தான்தான், அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கோப்பையைக் கீழே வைத்தேன் என்றாள். கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அபூ ஷாதியாகத்தான் இருக்கும்.

ருவைதா குனிந்து, ஆறிப்போன கோப்பையை எடுத்துக் கித்தாமின் கையில் வைத்தாள்.

"நாளைக்கு மூணாம் நாள்" என்றாள். "நாளைக்கு நீங்க வாங்க."

கித்தாம் குடித்தாள். ஆறிய கசப்புக் காபியைப் போல மோசமானது ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் ஸிரீனைக் கூப்பிட்டாள். இருநூற்றுப் பதினைந்தாவது விதியை எழுதிக்கொள்ளச் சொன்னாள். சாவு வீட்டுப் பட்டியலை இனி தினமும் தான் தருவதாகவும், பட்டியலில் இருக்கும் கடையை மூன்றாவது கட்டத்தில், தொடவே கூடாது என்பதில், போடும்படியும் சொன்னாள். தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். மறுமுனையில் ஸிரீன் மூச்சுவிட்டது கேட்டது. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டமாச்சே, கையெழுத்துப் போட நீங்கள் இருக்க வேண்டுமே என்றாள். நாளைக்குத் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றாள் கித்தாம். அப்படியானால் ஏஜெண்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஸிரீன் கேட்டதற்கு, வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்த நாயிஃப் முன்சீட்டிலிருந்து பதில் சொன்னான்.

"மாப்பிள்ளைன்னே போடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க முதல்லயே மூஞ்சியப் பாத்துக்கட்டும்."

கித்தாமுக்குச் சிரிப்பு வரவில்லை. அபூ ஷாதியின் ஒன்பது அழைப்புகளுக்குக் கீழே அறுபது கடைகளின் பட்டியல் இருந்தது. வண்டி மலையிறங்கத் தொடங்கியதும் முதல் கடையின் எண்ணை அமுக்கினாள். எழுதுவதற்கில்லை, பேசுவதற்கு. ஜெரஷ் டாக்டர் ஃபவாஸ் எடுத்தார். பின்னால் கடையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"டாக்டர், நான் உம் மாஹிர் பேசறேன்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "என்ன உம் மாஹிர், காலையிலதான பேசினோம்?"